கடல்காட்டிப் பாறையில் ஒரு முடிச்சு

"மூணு வருஷமாச்சு டீச்சர். இன்னமும் என் முடிச்சைத் தொட்டுப் பார்த்துட்டுத்தான் ஏற விடுறீங்க. எம்மேல நம்பிக்கை இல்லையா?"

கேட்டவர் சவரிமுத்து. முப்பது வருடம் மின்கம்பம் ஏறி ஓய்வு பெற்றவர். நஸீமாவுக்கு அவர் வயதில் பாதிதான். ஆனால் பாறை ஏறுவதில் அவள்தான் அவருக்குக் குரு.

இடுப்பு வாரில் கயிற்றை நுழைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"என் முடிச்சையும் நீங்க பார்க்கணும்னு முதல் நாளே சொன்னேனேண்ணே."

"குருவைச் சோதிக்கிற அளவுக்கு நான் கெட்டுப்போகலை."

அவள் சிரித்தாள். ஏறுமுன் வழக்கம்போல அவர் எதிரில் ஒரு நொடி நின்றாள்.

அவரும் வழக்கம்போலக் கும்பிட்டார்.

பாறையின் உச்சியில் ஒரு கோபுரம். அங்கிருந்து கடல் தெரியும் என்று யாரோ சொல்லி, பழைய ஜமீன்தார் ஒருவர் கட்டியது. கடல் தெரியவில்லை. ஊரார் அதற்குக் கடல்காட்டி என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

கயிறு அந்தக் கோபுரத்தின் தூணைச் சுற்றி இறங்கியது. ஒரு முனை நஸீமாவின் இடுப்பில், அவள் விழுந்தால் பிடிக்க மறுமுனை சவரிமுத்துவின் கையில்.

அறுபதடி உயரத்தில் ஒரு வெடிப்பு. அங்கே கயிற்றில் சாய்ந்து கையை உதறிக்கொள்வது எல்லோருக்கும் வழக்கம்.

"இறுக்குங்கண்ணே."

இழுக்கப் போனவர் மேலே பார்த்தார்.

அவள் இடுப்பில் முடிச்சின் மறுபாதி இல்லை. வாருக்குள் கயிறு சும்மா நுழைந்திருந்தது. இழுத்தால் உருவிக்கொண்டு வந்துவிடும்.

"சாயாதீங்க டீச்சர். முடிச்சு பாதிதான் இருக்கு."

அவள் பாறையோடு ஒட்டிக்கொண்டாள். முடிச்சைச் சரிசெய்ய இரண்டு கையும் வேண்டும். இரண்டையும் எடுத்தால் விழுந்துவிடுவாள்.

சவரிமுத்து சத்தம் போடவில்லை.

"வலது முட்டிக்கு மேல ஒரு பள்ளம் இருக்கு."

"தெரியலைண்ணே."

"இருக்கு. போன வாரம் நான் மிதிச்சேன்."

கால் தடவியது. கிடைத்தது.

"இப்ப இடது கை. காதுக்கு நேரா."

உச்சிக்கு இன்னும் பதினைந்தடி. ஒவ்வொரு அடியாகச் சொன்னார். கையிலிருந்த கயிறு எதற்கும் உதவாது என்று தெரியும். ஆனாலும் விடவில்லை.

நஸீமா உச்சியைத் தொட்டு, தூணைக் கட்டிக்கொண்டாள். கயிறு சுற்றுவதற்குத் தவிர அந்தக் கோபுரம் ஒருவருக்கு உபயோகப்பட்டது அதுதான் முதல்முறை.

பின்பக்கப் படி வழியாக அவள் இறங்கி வந்தபோது சவரிமுத்து தரையில் உட்கார்ந்திருந்தார்.

"எனக்குப் பாடம் சொல்லத்தானே டீச்சர்? வேணும்னுதானே பாதியில விட்டீங்க?"

கெஞ்சுகிற மாதிரிதான் கேட்டார்.

நஸீமா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மறந்துட்டேண்ணே."