கடைசியாக நுழைந்தவள்

அந்தக் காலத்தில், விலங்குகளும் நம்மைப் போலப் பேசித் திரிந்தபோது, ஆப்பிரிக்கப் புல்வெளி ஒன்றில் மூரா என்ற காட்டுப்பன்றி தன் குட்டிகளோடு வாழ்ந்துவந்தாள். முகமெல்லாம் பருக்கள், வாயோரம் மேல்நோக்கி வளைந்த கூரிய பற்கள். பொழுது சாய்ந்ததும் எல்லோரும் ஒரு பழைய வளைக்குள் போய்ப் படுப்பார்கள். உள்ளே பாம்பு இருக்குமோ என்று மூராவுக்கு எப்போதும் பயம். அதனால் அவளே முதலில் தலையை விட்டு நுழைவாள். குட்டிகள் பின்னால் வரும்.

ஒரு மாலை, கடைசியாக வந்த குட்டியை ஒரு கழுதைப்புலி கவ்விக்கொண்டு போய்விட்டான். அலறல் மூராவின் காதில் விழுந்தது. ஆனால் குறுகலான வளைக்குள் அவளால் திரும்ப முடியவில்லை.

மறுநாளும் அவன் வந்து வேலமரத்தடியில் உட்கார்ந்திருந்தான்.

“என்ன அக்கா, இருட்டப்போகுது, வீட்டுக்குப் போகலையா? நீ முன்னால போ. பிள்ளைங்களை நான் பார்த்துக்கறேன்” என்று இளித்தான்.

மிச்சமிருந்த மூன்று குட்டிகளும் தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டன.

“அம்மா, இன்னைக்கு யாரு கடைசி?” என்றாள் சின்னவள்.

“நான் இல்லப்பா!” என்று பெரியவன் முந்திக்கொண்டான்.

மூரா குட்டிகளுக்கு முன்னால் வந்து நின்றாள்.

“நான்தான் கடைசி” என்றாள்.

“அப்ப உள்ளே பாம்பு இருந்தா?” என்றாள் சின்னவள்.

மூரா வளையின் வாயில் மோந்து பார்த்தாள். குளம்பால் தரையை ஓங்கி உதைத்தாள். எதுவும் அசையவில்லை. அதை வைத்து உள்ளே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட முடியாது. அவளுக்கும் அது தெரியும். ஆனால் கழுதைப்புலி எழுந்துவிட்டான்.

“ஓடுங்க!”

குட்டிகள் இருட்டுக்குள் மறைந்தன. மூரா வளைக்கு முதுகைத் திருப்பி, முகத்தை வெளியே வைத்துக்கொண்டு, பின்னோக்கி நகர்ந்தாள்.

“இதென்ன கூத்து! கிறுக்குப் பிடிச்சிருச்சா உனக்கு?” என்று சிரித்தபடியே அவன் பாய்ந்தான். அவளுடைய பல் அவன் மூக்கைக் கிழித்தது. ஊளையிட்டுக்கொண்டு ஓடினான்.

மூரா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். பின்னால் சத்தமே இல்லை.

“கண்ணுங்களா?”

“அம்மா, என் காலை மிதிக்கிற!” என்று சின்னவள் உள்ளிருந்து கத்தினாள்.

அன்று முதல்தான் அந்தப் புல்வெளிகளில் காட்டுப்பன்றிக் குட்டிகள் தலையை நீட்டிக்கொண்டு வளைக்குள் ஓட, தாய் மட்டும் எல்லோருக்கும் பிறகு, வெளியே பார்த்தபடி, பின்னோக்கி நுழைகிறாள்.