காளன் விரித்த குடை

"டாக்டர், இந்த இடது கண்ணை என்னதான் செய்யறது?" என்று கேட்டார் சவரிமுத்து.

கேட்டவருக்கு நாற்பத்தாறு வயது. இருபது வருடம் மாடுகளுக்கு வைத்தியம் பார்த்தவர்.

எதிரே நின்ற இன்பவல்லிக்கு முப்பத்தொன்று. வனத்துறைக் கால்நடை மருத்துவர். பதினெட்டு யானைகளுக்கு மயக்க ஊசி போட்டவர். இப்போது வலது கையில் மாவுக்கட்டு.

காட்டுக்குள் ஒரு கொம்பன் யானை முன்கால் சீழ் பிடித்து நொண்டிக்கொண்டிருந்தது. வியாழக்கிழமைக்குள் மயக்கிப் புண்ணைக் கழுவாவிட்டால் பிழைக்காது. ஊசித் துப்பாக்கியைப் பிடிக்க சவரிமுத்துவை விட்டால் ஆள் இல்லை.

"என்ன செய்யுது உங்க கண்ணு?"

"வலது கண்ணைத் துப்பாக்கி மேல இருக்கற ஸ்கோப்புல வைக்கிறேன். ரெண்டும் திறந்திருந்தா இடதுதான் முந்திக்குது. ஸ்கோப்பே காணாமப் போயிடுது."

இன்பவல்லி பத்தடி தள்ளி நின்றார்.

"ரெண்டு கையையும் சேர்த்து, நடுவுல ஒரு ஓட்டை வைங்க. கையை நீட்டி, அது வழியா என் மூக்கைப் பாருங்க."

பார்த்தார்.

"எனக்கு ஓட்டை வழியா உங்க இடது கண்ணுதான் தெரியுது. ரெண்டுல அதுதான் தலைமை."

"அதை மூடிட்டா தீர்ந்துது டாக்டர்."

"மூடாதீங்க."

"ஏன்?"

இன்பவல்லி துப்பாக்கியை அவர் கையில் கொடுத்தார். கெட்டிக்காரர்களிடம் இதுதான் தொல்லை. ஏன் என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டார்கள்.

இரண்டு நாள் சவரிமுத்து இரண்டு கண்ணையும் திறந்து வைத்துச் சுட்டார். குறி, வைக்கோல் அடைத்த ஒரு சாக்கு. ஊசிகள் சாக்கைத் தவிர எல்லா இடத்துக்கும் போயின.

செவ்வாய்க்கிழமை பொறுமை போய்விட்டது.

"இன்னைக்கு என் இஷ்டத்துக்கு விடுங்க டாக்டர்."

"சரி. சுடுங்க."

இடது கண்ணை இறுக்கி மூடினார். ஐந்து ஊசி. ஐந்தும் சாக்கில்.

பெருமையாகத் திரும்பினார்.

இடது பக்கம், கைக்கெட்டும் தூரத்தில், காளன் உட்கார்ந்திருந்தார். காட்டில் வழி காட்டும் மூத்த காவலர். தலைக்கு மேலே கறுப்புக் குடை விரிந்திருந்தது.

"எப்பண்ணே வந்தீங்க?"

"ரெண்டாவது ஊசி போடறப்ப சார். அம்மா சொன்னபடி குடையை மூணு தரம் மூடி மூடி விரிச்சேன்."

சவரிமுத்துவுக்கு முகம் வெளுத்தது. வியாழக்கிழமையும் காளன் அந்த இடத்தில்தான் நிற்பார். காட்டில் புதருக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. இடது கண்ணை மூடினால் அதைப் பார்க்கவே முடியாது.

"டாக்டர், இந்தக் கண்ணு என் பேச்சைக் கேட்காது. நான் என்ன செய்ய?"

இன்பவல்லி அவரைத் துப்பாக்கியைத் தோளில் வைக்கச் சொன்னார். தன் மாவுக்கட்டில் ஒட்டியிருந்த வெள்ளை பிளாஸ்திரியில் சுண்டுவிரல் நகமளவு கிள்ளி, அவர் போட்டிருந்த மூக்குக் கண்ணாடியின் இடது பக்கத்தில், மூக்கோரமாக ஒட்டினார்.

"இப்ப ரெண்டையும் திறங்க."

ஸ்கோப் தெளிந்தது. சாக்கு அசையாமல் நின்றது.

"இதுவும் மூடினது மாதிரிதானே டாக்டர்?"

"குடை தெரியுதா?"

"தெரியுது."

"அப்ப சுடுங்க."

வியாழக்கிழமை காலை மூங்கில் மறைவில் கொம்பன் நின்றது. இன்பவல்லி தூரத்தில் ஜீப்பில், வயர்லெஸ்ஸும் கையுமாக இருந்தார்.

ஸ்கோப் நிறையக் கொம்பனின் தொடை. சவரிமுத்துவின் விரல் விசையில் இருந்தது.

துப்பாக்கியிலிருந்து முகத்தை எடுக்காமல் மெல்லச் சொன்னார்.

"அண்ணே, இடது பக்கம் குடை."

காளன் இடது பக்கம் திரும்பினார். புதரை விலக்கிக்கொண்டு ஒரு பெண் யானை வந்துகொண்டிருந்தது. காலடியில் குட்டி.

இருவரும் சத்தமில்லாமல் பின்வாங்கி, ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால் நின்றார்கள். யானையும் குட்டியும் ஓடைப் பக்கம் போக அரை மணி நேரம் ஆனது. அதன் பிறகுதான் ஊசி பாய்ந்தது. கொஞ்ச நேரத்தில் கொம்பன் நின்றபடியே தூங்கியது.

வயர்லெஸ் கரகரத்தது.

"ஏன் இவ்வளவு நேரம்? சாருக்குக் கண்ணு தகராறு பண்ணுச்சா?"

சவரிமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். காளன்தான் வயர்லெஸ்ஸை எடுத்தார்.

"இல்லம்மா. இங்க ஒரு பெரிய குடை விரிஞ்சுது. சார் பார்த்துட்டாரு."