ராஜா சிலை சுருங்கிய கதை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். உருக்கி வார்த்த சிலை தனக்கு ஆகாது என்று எந்தச் சோசியனோ சொன்னதைப் பிடித்துக்கொண்டார். “உருக்காமலே செம்பில் நம் உருவம் வேண்டும்” என்றார். உலைக்காரன் இருளப்பன் செம்பை அராவிப் பொடியாக்கி, அச்சில் இறுக்கி எடுத்து, மூடிய சட்டியில் வைத்துத் தணலில் சுட்டான். சிலை முழுசாக வந்தது. ஆனால் அச்சுக்குள் திரும்ப வைத்தால் லொடலொடத்தது.

“செம்பைத் திருடிவிட்டான், மகாராஜா. தங்கள் திருமேனியையே குள்ளமாக்கிவிட்டான்” என்றார் கருவூலத் தலைவர் திருவம்பலர். இருளப்பனின் வலது கையை வெட்ட உத்தரவாயிற்று.

விகடகவி மருதையனும் உலைக்கூடத்துக் குடிசையில் பிறந்தவன். கை போனவன் வீட்டில் என்ன வேகும் என்று அவனுக்குத் தெரியும். தராசு கொண்டுவரச் சொன்னான். ஏட்டில் குறித்திருந்த பொடியின் எடையும் சிலையின் எடையும் ஒன்றாக நின்றன.

“எடை குறையாமல் உருவம் குறையுமா? இந்த விகடகவிக்கும் களவில் பங்கிருக்கும்” என்றார் திருவம்பலர்.

“அப்படிக் குறைவதை நம் கண்ணுக்குக் காட்டு. காட்டாவிட்டால் உன் கையும் போகும்” என்றார் ராஜா.

மருதையன் எல்லோரையும் சிறைக் கொட்டடிக்கு அழைத்துப் போனான். கைதிகள் மூலைக்கொருவராகச் சிதறிக் கிடந்தார்கள்.

“எண்ணிக்குங்க, ஐயா.”

திருவம்பலர் எண்ணினார். மருதையன் கொலைக்களத்துச் சேவகனை உள்ளே கூப்பிட்டான். அரிவாளைக் கண்டதும் அத்தனை பேரும் பின்சுவரில் போய் ஒருவர்மேல் ஒருவர் ஒட்டிக்கொண்டார்கள். மற்றதெல்லாம் வெறுந்தரை.

“இப்ப எண்ணுங்க. எவனாவது களவு போயிட்டானா?”

திருவம்பலர் மறுபடி எண்ணினார். அதே எண்ணிக்கைதான்.

“பொடிக்கும் இதே கதிதான், மகாராஜா. ஒவ்வொரு பொடிமணிக்கும் நடுவுல சந்து இருக்கு. தணல் ஏறினா செம்பு உருகாமலே இளகும். தொட்டுக்கிட்டிருக்கிற மணிங்க ஒட்டி, ஒண்ணையொண்ணு இழுத்துக்கும். அடைபட்டது சந்து. செம்பு அப்படியே இருக்கு.”

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். “அப்படியானால் நாம் குறையவில்லை, கெட்டிப்பட்டிருக்கிறோம்.” இருளப்பனை விடச் சொல்லி, முத்துமாலையைக் கழற்றி மருதையன் கழுத்தில் போட்டார். சிரித்துக்கொண்டே பரிவாரத்தோடு வெளியேறினார். அரிவாளும் போயிற்று.

மருதையனுக்குச் சிரிப்பு வரவில்லை. சுவரோரக் கும்பல் இன்னும் அசையாமல் நின்றது.

“போயிட்டாங்கப்பா. விலகி உட்காருங்க.”

கும்பலுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது: “முதல்ல நீ போ, சாமி.”