சோழியும் புளியங்கொட்டையும்

முன்னொரு காலத்தில், சோழி வைத்து வழி தேடிய ஒரு நாட்டில், ஓர் அரசன் இருந்தான். அவன் அரண்மனை முற்றத்துக் கல்தளம் முழுவதும் நாட்டின் சாலைகளை வரைந்திருந்தார்கள். எந்த ஊருக்குக் குறுக்குவழி கேட்டாலும், வழித்துறை அதிகாரி மழவராயர் படத்திலுள்ள அரண்மனை வாசலில் முதல் சோழியை வைப்பார். பிறகு பக்கத்துச் சந்திப்பு, அதற்கடுத்த சந்திப்பு என்று நாலாபுறமும் வைத்துக்கொண்டே போவார். கேட்ட ஊரைச் சோழி தொடுவதற்குள் கேட்டவனுக்குத் தாடி வளர்ந்துவிடும்.

போன மாதம் ஆலம்பொழிலில் ஒரு குழந்தையைப் பாம்பு கடித்ததாகப் புறா செய்தி கொண்டுவந்தது. குதிரைவீரன் மாசானம் மருந்தும் கையுமாக விடியலிலிருந்து உச்சிவேளை வரை முற்றத்தில் காத்துநின்றான். வழி தெரிந்து, அரைநாள் ஓட்டிப் போய்ச் சேர்ந்தபோது, குழந்தை இறந்து ஒரு நாழிகை ஆகியிருந்தது.

அன்றிலிருந்து அரசனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் சபையில் கத்தினான்: "இனி நான் ஒரு வெற்றிலை மென்று முடிப்பதற்குள் வழி கிடைக்க வேண்டும்!"

மழவராயருக்கு அரசவை விகடன் விடங்கனைக் கண்டாலே ஆகாது. "மன்னா, எங்களைக் கேலி செய்தே பிழைக்கும் விடங்கனார் செய்து காட்டட்டும். ஆனால் தெரிந்த ஊரானாலும் முறைப்படி அரண்மனை வாசலில் தொடங்கித் தேட வேண்டும். தோற்றால் நாட்டைவிட்டுப் போகட்டும்."

"உத்தரவு. எந்த ஊர், மன்னா?" என்றான் விடங்கன்.

"ஆலம்பொழில்" என்று சொல்லி அரசன் வெற்றிலையை வாயில் போட்டான்.

விடங்கன் மழவராயரையே வாசலில் சோழியோடு உட்காரவைத்தான். தான் ஆலம்பொழிலில் உட்கார்ந்து, அங்கிருந்து புளியங்கொட்டை வைத்துக்கொண்டு வந்தான். சோழி நாடெங்கும் பரவுமுன்பே, பாதித் தூரத்தில் சோழியும் கொட்டையும் சந்தித்தன. சந்தித்த மூன்று நான்கு இடங்களை அளந்து, குறைந்த வழியைக் காட்டினான். அரசன் வாயில் பாதி வெற்றிலை மிச்சமிருந்தது.

"முறைகேடு!" என்று குதித்தார் மழவராயர். "வாசலில் தொடங்கச் சொன்னேன்!"

"தாங்கள்தானே ஐயா தொடங்கினீர்கள்? வேறெங்கும் தொடங்கக் கூடாது என்று சொல்லவில்லையே!"

அரசன் வெற்றிலைச்சாறு தெறிக்கச் சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றி விடங்கன் கழுத்தில் போட்டான்.

"இந்த யுக்தி எப்போது தோன்றியது உமக்கு?"

தூணோரம் நின்ற மாசானத்தின் முகம் விடங்கன் கண்ணில் பட்டது. பொய் சொல்ல வாய் வரவில்லை.

"பாம்பு கடிப்பதற்குப் பத்து நாள் முன்பே, மன்னா. சபை நிறைந்த நாளில் இவரை மடக்கலாம் என்று... சொல்லாமல் வைத்திருந்தேன்."

விடங்கன் வெட்கத்தில் கூனிக் குறுகி, மாலையைக் கழற்றி நீட்டினான்.

அரசன் வாங்கவில்லை. "போட்டுக்கொள்ளும். அப்படியே ஆலம்பொழிலுக்குப் போய், அந்தத் தாயிடமும் இதைச் சொல்லும். வழிதான் உமக்குத் தெரியுமே."

குதிரையில் போயும் அந்த அரைநாள் வழியில் விடங்கன் போய்ச் சேர மூன்று நாள் ஆயிற்று.