தாளாளரின் திங்கட்கிழமை

இசக்கிராஜுக்குப் பதவி, கல்லூரியின் கணினி நிர்வாகி. அதுவும் இன்னும் நிரந்தரமாகவில்லை. வேலையோ, தாளாளர் தெய்வநாயகம் வார விடுமுறையில் மறந்துவிட்டு வரும் பாஸ்வேர்டைத் திங்கட்கிழமைதோறும் மாற்றிக் கொடுப்பது. இதற்கா எம்.சி.ஏ. படித்தோம் என்று தன்னைத் தானே கேலி செய்துகொள்வான்.

ஒரு சனிக்கிழமை தாளாளர் லேப்டாப்போடு வந்தார். "திங்கட்கிழமை இன்ஸ்பெக்‌ஷன். நம்ம காலேஜ்ல இல்லாத பேராசிரியர்கள் ஃபைல் பூரா இதுலதான் இருக்கு. எவனாலயும் எடுக்க முடியாதபடி அழிச்சிரு. அவங்க போனதும் எனக்குத் திரும்ப வேணும். முடியாதுன்னா நீ வீட்டுக்குப் போயிரு."

"ஐயா, இதுல இருக்கிற டிரைவ் எஸ்எஸ்டி வகை. அழிச்சாலும் உள்ளே எங்கயாவது மிச்சம் கிடக்கும். ஆனா வாங்கின அன்னைக்கே முழு டிரைவையும் பூட்டித்தான் தந்தேன். நீங்களே புது பாஸ்வேர்டு போடுங்க. என்கிட்ட இருக்கிற மாற்றுச் சாவியையும் அழிச்சிடறேன். அப்புறம் உங்களைத் தவிர யாராலயும் திறக்க முடியாது."

தாளாளருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "நீ அந்தப் பக்கம் திரும்பு" என்றார். இசக்கிராஜ் சுவரைப் பார்த்து நின்றான்.

திங்கட்கிழமை அதிகாரிகள் வந்தார்கள், போனார்கள். தாளாளர் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து தட்டித் தட்டிப் பார்த்தார். "டேய், என்னடா போட்டேன்?"

"நான் சுவரைத்தான் பார்த்தேன், ஐயா."

"அப்போ ஃபைலெல்லாம்?"

"எவனாலயும் எடுக்க முடியாதபடி அழிஞ்சிருச்சு. நீங்களும் அதுல சேர்ந்துட்டீங்க."

வராந்தாவில் பாதி தூரம் சிரித்துக்கொண்டே போனவன் சட்டென்று நின்றான். அவனை நிரந்தரமாக்கும் உத்தரவும் கையெழுத்துக்காக அதே லேப்டாப்பில்தான் காத்திருந்தது.