ஆற்றைக் கடந்த ஓட்டக்காரன்

நெருங்கி உட்காருங்கள். ஆறுகளுக்குப் பாலம் என்று ஒன்று இல்லாத காலத்துக்கு உங்களைக் கூட்டிப் போகிறேன்.

மாடநல்லூரை ஆண்ட அரசனிடம் கொற்றன் என்று ஒரு தூதன் இருந்தான். அரசன் வாயால் சொல்லும் சேதியைக் காதில் வாங்கிக்கொண்டு அவன் கிளம்பினால் குதிரைக்காரர்களே ஒதுங்கி வழிவிடுவார்கள். மேட்டில் ஓடுவான், மணலில் ஓடுவான், முள்ளுக்காட்டிலும் ஓடுவான்.

நகரத்துக்கு வடக்கே அகன்ற ஆறு ஒன்று ஓடியது. அதன் முன்னால் மட்டும் கொற்றன் நின்றுவிடுவான். அவனுக்கு நீச்சல் தெரியாது.

"ஓடக்காரர் எதற்கு இருக்கிறார்? நான் ஓடப் பிறந்தவன்" என்பான்.

ஒருநாள் அக்கரையில் அரசனின் தங்கைக்குக் குழந்தை பிறந்தது. இரட்டைப் பெண் குழந்தைகள்! சேதிக்காக அங்கேயே காத்திருந்த கொற்றன் ஒரே ஓட்டமாக ஆற்றங்கரைக்கு வந்தான். ஓடமோ எதிர்க்கரையில் இருந்தது. ஓடக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஓடக்காரரே! அரசருக்கு இரண்டு மருமகள்கள் பிறந்திருக்கிறார்கள்! சீக்கிரம் வாருங்கள்!"

"கை கழுவிவிட்டு வருகிறேன்!" என்று பதில் வந்தது.

ஆற்றோரத்தில் நப்பின்னை என்ற பெண் தாமரைத் தண்டு பறித்துக்கொண்டிருந்தாள். அவள் இதைக் கேட்டாள். சேலையை இழுத்துச் செருகினாள், தண்ணீரில் பாய்ந்தாள், போய்விட்டாள்.

கொற்றன் அரண்மனைக்குள் நுழைந்தபோது எல்லோர் வாயிலும் எள்ளுருண்டை இருந்தது.

"வா கொற்றா, நல்ல சேதி வந்திருக்கிறது! நீயும் ஒன்று எடுத்துக்கொள்" என்றான் அரசன்.

கொற்றன் அந்த உருண்டையை மடியில் முடிந்துகொண்டு வீட்டுக்கு நடந்தான்.

"இனி எந்த முகத்தோடு வெளியே போவேன்?" என்று மனைவி வெண்ணியிடம் புலம்பினான்.

"முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கையும் காலும் நீந்தப் பழகினால் போதும்" என்றாள் அவள்.

வெட்கத்தை மென்று விழுங்கிக்கொண்டு நப்பின்னையிடம் போனான். "அம்மா, எனக்கு நீச்சல் சொல்லித் தருவாயா?"

"வாருங்கள் அண்ணே. ஆனால் தண்ணீரோடு மல்லுக்கு நிற்கக் கூடாது."

முதல் நாள் தண்ணீர் குடித்தான். அடுத்த நாள் இன்னும் அதிகமாகக் குடித்தான். மூன்றாம் நாள் வாழைத்தண்டைக் கட்டிக்கொண்டு மிதந்தான். பக்கத்தில் குளித்த எருமைகள் அவனைத் தங்களில் ஒருவனாக எண்ணி நகர்ந்து இடம் கொடுத்தன. சிறுவர்கள் கரையில் நின்று கைதட்டிச் சிரித்தார்கள். அவன் விடவில்லை. ஒரு காலையில் தண்டு எங்கோ போயிருக்க, கொற்றன் நடு ஆற்றில் தானாக நீந்திக்கொண்டிருந்தான்!

அப்புறம் என்ன? தண்ணீர்ப் பைத்தியம் பிடித்தது. காலையில் நீந்தினான், மதியம் நீந்தினான், மாலையிலும் நீந்தினான். ஓடுவதை அடியோடு மறந்தான். ஓடுகிற வேலையெல்லாம் மாறன் என்ற புதுத் தூதன் கைக்குப் போயிற்று.

மழைக்காலம் போய் வெயில் காலம் வந்தது. ஒருநாள் மாறன் ஊரில் இல்லை. தெற்குப் பாசறைக்கு ஒரு சேதியோடு அரசன் கொற்றனை அனுப்பினான். பாதி வழியில் விலா பிடித்துக்கொண்டது. ஓட்டம் நடையாயிற்று. பூசணிக்காய் ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று அவனை முந்திப் போய், நின்றது.

"ஏறிக்கொள்கிறீர்களா ஐயா?" என்றார் வண்டிக்காரர்.

பூசணிக்காய்களோடு ஒரு பூசணிக்காயாகப் போய் இறங்கினான்.

"புதியதைத் தூக்கிக்கொண்டேன், பழையதைத் தெருவில் போட்டுவிட்டேன்" என்றான் வீட்டுக்கு வந்து, காலைப் பிடித்துவிட்டபடி.

"இரண்டையும் வைத்துக்கொள்ள வீட்டில் இடமா இல்லை?" என்றாள் வெண்ணி.

மறுநாளிலிருந்து ஆறு வரை ஓடினான், அக்கரைக்கு நீந்தினான், நீந்தித் திரும்பி வீடு வரை ஓடினான். பழைய கால் மெல்ல மெல்லத் திரும்பியது. ஆனாலும் ஓட்டத்தில் மாறனைப் பிடிக்க முடியவில்லை. நீச்சலில் நப்பின்னையை நெருங்க முடியவில்லை. இரண்டிலும் இரண்டாம் ஆளாகிவிட்டோமே என்ற குறை அவனுக்குள் இருந்தது.

அப்படியிருக்கும்போது, அறுவடை விழா நாளன்று, இக்கரை மலையுச்சியில் காவல் இருக்கும் மலைக்காவலன் ஒருவன் மூச்சிரைக்க அரண்மனைக்கு வந்தான்.

"அரசே, உச்சியிலிருந்து பார்த்தேன், அக்கரையில் பெரிய ஏரியின் கரை விரிசல் விட்டிருக்கிறது! மாலைக்குள் உடையும். தாழையூர் மொத்தமும் மூழ்கிவிடும்!"

தாழையூர் ஆற்றுக்கு அப்பால், முள்ளுக்காட்டையும் தாண்டி, பள்ளத்தில் இருந்த ஊர். விழாவுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போன ஓடங்கள் எல்லாம் அக்கரையில் நின்றன. ஓடக்காரர்களும் கூத்துப் பார்க்கப் போய்விட்டார்கள்.

அரசன் மாறனை அனுப்பினான், நப்பின்னையை அனுப்பினான், கடைசியாக வந்து சேர்ந்த கொற்றனையும் அனுப்பினான்.

மாறன் அம்பாகப் பறந்தான். கொற்றன் கரைக்கு வந்தபோது அவன் இடுப்பளவு தண்ணீரில் தவித்துக்கொண்டிருந்தான். "அண்ணே, இதற்கு மேல் எனக்குத் தெரியாதே!" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

கொற்றன் குதித்தான். சுழல் இழுத்தது. மல்லுக்கு நிற்காமல் அதன் போக்கில் கொஞ்சம் போய், பக்கவாட்டில் விலகி, கரை சேர்ந்தான்.

முள்ளுக்காட்டுத் தொடக்கத்தில் நப்பின்னை உட்கார்ந்திருந்தாள். அவனுக்கு வெகு முன்னே ஆற்றைக் கடந்தவள்தான். ஆனால் ஓடிப் பழகாத கால் பிசகிக் கணுக்கால் வீங்கியிருந்தது. கொற்றன் குனிந்தான்.

"என்னைப் பார்க்காதீர்கள் அண்ணே! ஊரைப் பாருங்கள், ஓடுங்கள்!"

ஓடினான். நீந்திய களைப்பில் தோள் வலித்தது. ஆனால் தினமும் நீந்தி எழுந்து ஓடிய கால்களுக்கு அந்தக் களைப்பு பழக்கமானதுதான். முள் கிழித்தது, வெயில் சுட்டது, தாகம் வாட்டியது. நிற்கவில்லை.

தாழையூரில் மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. கொற்றன் நேராகப் போய் மேளத்தின்மேல் கையை வைத்து நிறுத்தினான்.

"ஏரி உடையப் போகிறது! எல்லோரும் மேட்டுக்கு!"

பிள்ளைகளைத் தூக்கினார்கள், கிழவர்களைச் சுமந்தார்கள், மாடுகளை அவிழ்த்து ஓட்டினார்கள். யாரோ பொங்கல் பானையையும் விடாமல் தூக்கிக்கொண்டார்கள். கடைசி ஆடு மேட்டில் ஏறிய சற்று நேரத்தில் தண்ணீர் இரைந்துகொண்டு வந்தது. வீடுகள் போயின. ஓர் உயிர்கூடப் போகவில்லை. அன்று மேட்டில் அமர்ந்து, ஊரே அந்தப் பொங்கலைக் கைக்கு ஒரு கவளமாகப் பகிர்ந்து தின்றது.

பிறகு அரசன் கேட்டான்: "கொற்றா, மாறன் உன்னைவிட வேகமானவன். நப்பின்னை உன்னைவிட நன்றாக நீந்துபவள். நீ மட்டும் எப்படிப் போய்ச் சேர்ந்தாய்?"

"அரசே, அந்த வழியில் பாதி தண்ணீர், பாதி தரை. எனக்கு இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும்" என்றான் கொற்றன்.

ஆகவே கேட்டவர்களே, கைவந்த திறமையைக் கைவிடாமல் காத்துக்கொண்டு, தெரியாததையும் வெட்கப்படாமல் கற்றுக்கொள்பவரே போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேருவார்.