பந்தியில் சொல்லாத பெயர்

அநியாயம் நடந்தது நத்தைகுத்தி நாரைகளுக்கு. செய்தவர்கள் கொல்லாமை விரதம் பூண்ட ஏழு பெண்கள்.

அவர்கள் ஒரு நாரைமேலும் கல் எறியவில்லை. ஒரு கூட்டையும் கலைக்கவில்லை. நாரைகள் வருவதற்கு முன்பே ஏரியிலிருந்த நத்தைகளை எல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். அதற்குக் கருணை என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரை வைத்துவிட்டால் பிறகு யாரும் கேள்வி கேட்பதில்லை.

யோசனை திருவாயியுடையது. ஏரிக்கரை மடத்தில் பன்னிரண்டு வருடமாக இருப்பவள். குரு நல்லம்மையைவிடப் பத்து வயது மூத்தவள். வாதம் என்று வந்துவிட்டால் லேசில் விடமாட்டாள்.

அவளுடைய இரண்டு மகன்களும் கப்பலேறிப் போனவர்கள். திரும்பவில்லை. மடத்துக்கு வந்த முதல் ஐப்பசியில், ஏரி நடுவே நிற்கும் கடம்ப மரங்களில் நாரைகள் வந்து இறங்குவதைப் பார்த்தாள். பங்குனியில் போயின. அடுத்த ஐப்பசியில் மறுபடி வந்தன. இடது கால் வளைந்த ஒன்று அதே மரத்தின் அதே கிளைக்கு வந்தது. அதற்கு நொண்டிச்சி என்று பெயர் வைத்தாள். போனவை திரும்பி வரும் என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே சாட்சி அந்தப் பறவைதான்.

ஆனால் நொண்டிச்சி ஓட்டை நெம்பி நத்தையை உருவி எடுக்கும்போது மட்டும் திருவாயி கண்ணை மூடிக்கொள்வாள்.

இது நடந்த வருடம் குரு மூன்று மாத யாத்திரை போயிருந்தார். முதல் மழைக்குச் சேற்றிலிருந்து நத்தைகள் வெளியே வந்தன. திருவாயி கூடையை எடுத்தாள்.

"நாரை எதைத் தின்னும்?" என்று கேட்டாள் குப்பாச்சி. ஏழு பேரில் இளையவள், சோம்பேறி.

"சோறு வைப்போம். நாம சோறு தின்னு உயிரோட இல்லையா?"

"அந்த அலகைப் பாத்தா சோறு தின்னுற அலகு மாதிரியா இருக்கு?"

"பழகிக்கும். நீ பழகலையா? மடத்துக்கு வந்தப்போ கருவாடு இல்லாம ஒரு வாய் இறங்காதுன்னு அழுதவதானே!"

குப்பாச்சியும் ஒரு கூடையை எடுத்தாள்.

நாற்பது கூடை நத்தை. குன்றின் மேலே உள்ள கல் சுனையில் கொண்டுபோய் விட்டார்கள். சுற்றிலும் பாறை. மரம் கிடையாது, நாரை இறங்காது. பாட்டுப் பாடிக்கொண்டே இறங்கி வந்தார்கள்.

நாரைகள் வந்தன. கரையில் வாழையிலை போட்டுச் சோறு வைத்திருந்தார்கள். காக்கைகளுக்குக் கல்யாண விருந்து. நாரைகள் மூன்று நாள் தண்ணீரில் நடந்து நடந்து, அலகால் சேற்றைத் துழாவின. நான்காம் நாள் கிளம்பின. கடைசியாகப் போனது நொண்டிச்சி.

திருவாயி கரையில் நின்று, "இரு, இரு," என்று கை நீட்டிக் கூப்பிட்டாள். ஊரே பார்த்துச் சிரித்தது.

குரு கார்த்திகையில் திரும்பி வந்தார். ஏழு பேரும் காலில் விழுந்தார்கள்.

"அம்மா, இந்த வருசம் ஏரியில ஒரு உயிர்கூடச் சாகலை," என்றாள் திருவாயி.

குரு ஏரியை வெகுநேரம் பார்த்தார்.

"ஆமாம் அக்கா," என்றார். "சத்தமே இல்லை."

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பந்தியில் கை வைப்பதற்கு முன் ஒவ்வொருவரும் ஒரு பெயர் சொல்ல வேண்டும். இலையில் இருக்கும் சோறு யாரிடமிருந்து வந்ததோ, அவர் பெயர். ஒருத்தி ஐப்பசி மழை என்பாள். ஒருத்தி உழுத மாடு என்பாள். ஊரில் பிச்சை இட்டவளின் பெயரைச் சொல்வாள் இன்னொருத்தி. குப்பாச்சி தினமும் உப்பு என்பாள். யோசிக்க வேண்டியதில்லை பாருங்கள்.

மாசி மாதம். அறுவடை முடிந்திருந்தது. திருவாயி பிச்சைக்குப் போனாள். எப்போதும் முறம் நிறைய அரிசி கொட்டும் மாரக்காள் இந்த முறை ஒரு கை மட்டும் அள்ளிப் போட்டாள்.

"என்ன மாரக்கா, கை சுருங்கிருச்சு?"

"கையா சுருங்கிச்சு? கதிருதான் சுருங்கிச்சு. வயக்காட்டை வந்து பாருங்க, பாதி பதர்."

"மழை நல்லாத்தானே பெஞ்சுது?"

"மழை பெஞ்சா ஆச்சா? நாங்க எந்தக் காலத்துல எரு அடிச்சோம்? ஆயிரம் நாரை அஞ்சு மாசம் மரத்துல உக்காந்து எச்சம் போடும். அந்தத் தண்ணிதான் மடை வழியா வயலுக்கு வரும். அதான் எங்க எரு. இந்த வருசம் வெறுந்தண்ணி." மாரக்காள் முறத்தைத் தட்டினாள். "ஏரியில நத்தை இல்லாம நாரை எப்படி நிக்கும்? நீங்க புண்ணியம் தேடிக்கிட்டீங்க சாமி. நாங்க கஞ்சி குடிக்கிறோம்."

திருவாயி மடத்துக்கு வந்து சேர்ந்தாள். பந்தி போட்டிருந்தது. அவள் முறை வந்தது.

அவள் வாய் திறக்கவில்லை.

பன்னிரண்டு வருடச் சோறு கண்ணுக்குள் வந்து நின்றது. சோற்றுக்குப் பின்னால் வயல். வயலுக்குப் பின்னால் தண்ணீர், தண்ணீருக்குப் பின்னால் நாரையின் எச்சம். அதற்கும் பின்னால் போக அவளுக்குத் துணிவு வரவில்லை.

இலையை அப்படியே விட்டு எழுந்தாள்.

"இனிமே நான் சோறு சாப்பிட மாட்டேன்."

"சரி," என்றார் குரு. "வேற என்ன சாப்பிடுவீங்க?"

"கீரை."

"கீரைப் பாத்திக்கு எந்த ஏரித் தண்ணீர்?"

திருவாயி யோசித்தாள். "பால் குடிச்சுக்கறேன்."

"மாடு எங்க மேயுது?"

"அப்போ தண்ணியோட இருந்துக்கறேன்!"

குப்பாச்சி ஏரிப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, சட்டென்று இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் காலை குரு ஒரு காலிக் கூடையைத் திருவாயியிடம் கொடுத்துவிட்டுக் குன்றின்மேல் ஏறினார். அவள் பின்னாலேயே போனாள்.

சுனையை எட்டும் முன்பே நாற்றம் வந்தது. பாறையில் வளர்ந்திருந்த பாசியை நாற்பது கூடை நத்தைகளும் ஒரு வாரத்தில் தின்று தீர்த்திருக்கும். அதற்குப் பிறகு தின்ன எதுவும் இல்லை. தண்ணீர் தெரியாமல் வெறும் ஓடுகள்.

திருவாயி மண்டியிட்டாள். அழவில்லை. ஓடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். மூடி இறுக்கிக்கொண்டு உயிரோடு கிடந்தவை கூடையின் அடியைத்தான் மறைத்தன.

ஏரிக்கு இறங்கி வந்து, ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டாள். கடைசி நத்தை ஓட்டுக்குள்ளிருந்து வெளியே வந்து அவள் உள்ளங்கையைப் பற்றிக்கொண்டது. குளிர்ந்து, ஈரமாக, ஒரு குழந்தையின் நாக்கு மாதிரி இருந்தது.

அவள் கையை மூடிக்கொண்டாள்.

"இதை விட்டா நாரை தின்னும்."

"தின்னும்," என்றார் குரு.

"விடாட்டி?"

குரு அண்ணாந்து பார்த்தார். "வானம் இப்படியே இருக்கும்."

திருவாயியும் அண்ணாந்து பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லாத வானம். வெகுநேரம் கழித்துக் கையைத் தண்ணீருக்குள் இறக்கி, விரல்களை விரித்தாள். நத்தை உடனே போகவில்லை. அவளும் உதறவில்லை. அதுவாக இறங்கிப் போகும்வரை குனிந்தே நின்றாள்.

அன்று சோறு தின்றாள். ஆனால் அன்றும் பிறகும் பந்தியில் பெயர் சொல்லவில்லை. தன் முறை வந்தால் தலை குனிந்துகொள்வாள். குரு அவளைத் தாண்டி அடுத்தவளைப் பார்ப்பார்.

அடுத்த ஐப்பசியில் மழை வந்தது, நாரைகள் வரவில்லை. மார்கழிவரை அவள் கரையில் உட்கார்ந்திருந்தாள்.

"எப்போ வரும் அம்மா?"

"எனக்குத் தெரியாது அக்கா."

"குருவுக்குத் தெரியாமலா?"

"நத்தை முட்டை வெக்கணும். குஞ்சு பொரியணும். அதுங்க என்கிட்டச் சொல்லிட்டா செய்யுது?"

கரையோர ஈர மண்ணில் வெள்ளைக் கொத்தாக முட்டைகள் தென்பட்டன. திருவாயி அவற்றைத் தொடவில்லை. ஒதுங்கி நடந்தாள். மாடு மிதிக்காமல் முள் வெட்டிப் போட்டாள். யாருக்காக இந்த முட்டைகளைக் காக்கிறோம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே முள் வெட்டினாள்.

ஊரில் யாராவது வானத்தைக் காட்டினால் ஓடி வருவாள். கொக்காக இருக்கும். இல்லையென்றால் பருந்து. "கண்ணு போயிருச்சு சாமிக்கு," என்று சிரித்த மாரக்காள்கூடப் பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

மூன்றாம் ஐப்பசி. மழை விட்ட ஒரு முற்பகல். திருவாயி கரையில் தனியாக இருந்தாள். வடக்கே மேகத்துக்குக் கீழே சில புள்ளிகள். கொக்கு என்றுதான் நினைத்தாள். எழக்கூட இல்லை.

ஐந்து நாரைகள். கழுத்தை நீட்டி, காலைப் பின்னால் விட்டு, ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கின.

அவள் ஒவ்வொன்றின் காலாகப் பார்த்தாள். ஐந்தும் நேராக நடந்தன. நொண்டிச்சி இல்லை.

ஒரு நாரை கரைக்கு வெகு அருகில் வந்தது. அலகைச் சேற்றில் விட்டு ஒரு நத்தையை எடுத்தது. திருவாயியின் கண்கள் பழக்கத்தில் மூடப் போயின. அவள் மூடவில்லை. ஓடு நெம்பப்படும் மெல்லிய சத்தத்தைக் கேட்டாள். ஓடு மட்டும் தண்ணீரில் விழுந்து மூழ்குவதைப் பார்த்தாள்.

பிறகு கடம்ப மரத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது. அலகோடு அலகு தட்டும் சத்தம். அவள் இரண்டு வருடம் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்த சத்தம்.

மடத்தில் பந்தி தொடங்கிவிட்டிருந்தது. முகமெல்லாம் ஈரமாக வாசலில் வந்து நின்றாள். எல்லோருக்கும் சத்தம் கேட்டிருந்தது. குப்பாச்சி உப்பு என்று சொல்ல வந்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

"அம்மா," என்றாள் திருவாயி. "வந்திருச்சு. அஞ்சுதான். என்னோடது வரலை. வந்ததும் ஒரு நத்தையைத் தின்னுச்சு. நான் வளர்த்த நத்தை. சந்தோசமா இருக்கு, நெஞ்சும் அடைக்குது. நான் யாருக்காக அழறேன்னு எனக்கே தெரியலை. நீங்க சொல்லுங்க, யாருக்காக?"

குரு தன் பக்கத்தில் கிடந்த இலையைத் துடைத்துப் போட்டார்.

"சோறு ஆறுது அக்கா. பேரைச் சொல்லிட்டு உக்காருங்க."